காட்டுப் பாதைக்கு டர்ட் பைக்: எத்தனை சிசி எடுக்கறது?

போன வருஷம் ஆபீஸ்ல புதுசா சேர்ந்த கோயம்புத்தூர் தம்பி ஒருத்தன் லஞ்ச் டைம்ல வந்து உக்காந்து, "அண்ணா, டர்ட் பைக் எடுக்கலாம்னு இருக்கேன், 450 ஒண்ணு நல்ல ரேட்டுக்கு வருது, எடுத்துடவா"ன்னு கேட்டான். எங்க ஓட்டப் போறன்னு கேட்டேன். "நீங்க போற எடத்துக்குத்தாண்ணா, பால்ட்வின் பக்கம், காட்டுக்குள்ள"ன்னான். அப்படின்னா வேண்டாம் தம்பின்னு சொன்னேன். ஏன் வேண்டாம், அப்ப எது வேணும்னு அவனுக்குச் சொன்னதைத்தான் இங்க விரிவா எழுதறேன், புதுசா வர்ற எல்லாருக்கும் இதே கேள்விதான் வருது.

நாங்க இருக்கறது மிச்சிகன்ல, டெட்ராய்ட் பக்கம். இங்கேருந்து வடக்கால மூணு மூணரை மணி நேரம் போனா ஹியூரான்-மானிஸ்டீ காடு, தம்பி சொன்ன பால்ட்வின் அங்க இருக்கற ஊர்தான். அதுக்குள்ள மோட்டார்சைக்கிளுக்குன்னே ஒதுக்கின ஒத்தையடிப் பாதை மைல் கணக்குல கெடக்கு, நாலு சக்கர வண்டி எதுவும் உள்ள வரவே முடியாது. தரை முழுக்க மணல். அந்த மணல்ல வண்டி ஓடி ஓடி மேடும் பள்ளமுமா அலை மாதிரி ஆயிருக்கும், வூப்ஸ்னு சொல்லுவாங்க, சில எடத்துல அரை மைலுக்கு நிக்காம வரும். ஓக் மரம் ரெண்டு பக்கமும் நெருக்கிட்டு நிக்கும், கோடையில பெரணிச் செடி இடுப்பு உயரத்துக்கு வளந்து பாதையையே மூடிடும், அக்டோபர்ல இலை உதிர்ந்து வேரெல்லாம் அடியில ஒளிஞ்சிடும். என் வண்டி ஹேண்டில்பார்ல மாட்டின கைக்காப்பு ரெண்டு முனையிலயும் மரப்பட்டை உரசி உரசி பிளாஸ்டிக் வெள்ளையா பூத்துப் போயிருக்கு, எத்தனை மரத்துக்கு நடுவுல எவ்ளோ கொஞ்ச எடத்துல புகுந்து வந்திருக்கேன்னு அதைப் பாத்தாலே தெரியும்.

இந்த மாதிரி எடத்துல சராசரியா எவ்ளோ வேகம் போவோம்னு நினைக்கிறீங்க? புது ஆளுன்னா மணிக்கு பத்து பன்னெண்டு மைல். அவ்ளோதான். எஞ்சின் சைஸ் பத்தி யோசிக்கும்போது இந்த ஒரு நம்பரை மனசுல வச்சுக்கோங்க, மீதி எல்லாம் இதுலேருந்துதான் வருது.

முதல்ல சிசி பத்தி நம்ம ஊர் கணக்கை மறந்துடுங்க

நம்ம ஊர்ல வண்டின்னா முதல் கேள்வியே எத்தனை சிசிங்கறதுதான். 100ன்னா மைலேஜ் வண்டி, 150ன்னா காலேஜ் பையன், 350ன்னா புல்லட். அந்தக் கணக்கு இங்க சுத்தமா வேலைக்கு ஆகாது. ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 எடுத்துக்கோங்க, 20 குதிரை சக்தி, 195 கிலோ. அதே 350ன்னு பேர் போட்ட கேடிஎம் எண்டூரோ (காட்டுப் பாதை ரேஸ்) வண்டிக்கு 40 குதிரைக்கு மேல, எடை பெட்ரோல் இல்லாம 105 கிலோ பக்கம். எடையில பாதிக்குக் கொஞ்சம் மேல, சக்தியில ரெண்டு மடங்கு. இன்னொண்ணு, ஆர்எக்ஸ் 100 ஓட்டாத வீடு நம்ம ஊர்ல கம்மி, அது 98 சிசி, 11 குதிரை, அதையே அந்தக் காலத்துல ராக்கெட்டுன்னு சொன்னோம். அதே யமஹாவோட ஒய்இசட்125 வெறும் 27 சிசிதான் கூட, ஆனா 30 குதிரைக்கு மேல தரும். அதனால "125 தானே, சின்னப் பசங்க வண்டி"ன்னு நினைச்சு யாரும் ஏறிடாதீங்க.

ஒரே சிசிக்குள்ளயே டூ ஸ்ட்ரோக்கா ஃபோர் ஸ்ட்ரோக்காங்கறதும் இருக்கு. டூ ஸ்ட்ரோக்ல கிராங்க் ஒரு சுத்து சுத்தினா ஒரு தடவை வெடிக்கும், ஃபோர் ஸ்ட்ரோக்ல ரெண்டு சுத்துக்கு ஒரு தடவை. அதனாலதான் ரேஸ்ல 125 டூ ஸ்ட்ரோக்கையும் 250 ஃபோர் ஸ்ட்ரோக்கையும் ஒரே கிளாஸ்ல விட்டாங்க. ஆக "250 எடுக்கலாமா"ன்னு கேட்டா பதில் சொல்லவே முடியாது. ஹோண்டா சிஆர்எஃப்250எஃப் ஒரு 250, ஏர் கூல்டு, அமைதியான வண்டி. யமஹா ஒய்இசட்250 ஒரு 250, டூ ஸ்ட்ரோக் மோட்டோகிராஸ் வண்டி, அதாவது மண் ட்ராக்ல ரேஸ் ஓட்டறது, புது ஆளு கையில கொடுத்தா மரத்துல போய்த்தான் நிக்கும். பேர்ல ஒரே நம்பர், ஓட்டினா ரெண்டும் வேற வேற ஜாதி.

காட்டுக்கு என்ன வேணும்

கம்மி ஆர்பிஎம்ல ஆஃப் ஆகாம இழுக்கணும். கீழ விழுந்தா தூக்கற எடையா இருக்கணும். கால் ஊன எட்டணும். இந்த மூணுதான், டாப் ஸ்பீடு இங்க யாருக்குமே தேவைப்படாது.

என்னோட முதல் வண்டியும் 450 தான், செகண்ட் ஹேண்ட் மோட்டோகிராஸ் வண்டி, கிக்கர் மட்டும், செல்ஃப் கெடையாது. ஜூலை மாசம் ஒரு சனிக்கிழமை, மணல் மேடு ஒண்ணு, நடுவுல வேர். ஃபர்ஸ்ட் கியர்லயே அந்த வண்டிக்கு வேகம் ஜாஸ்தி, ட்ராக்குக்குன்னு செஞ்ச கியர் பாக்ஸ் அப்படித்தான் இருக்கும், மெதுவா ஏறணும்னா கிளட்சை பாதி பிடிச்சிட்டே போகணும். கொஞ்சம் முறுக்கினா பின் சக்கரம் மணலைத் தோண்டுது, விட்டா ஆஃப் ஆயிடுது. ஆறாவது தடவை சாஞ்சப்போ ரேடியேட்டர் மூடி வழியா கூலன்ட் கொதிச்சு புஸ்ஸுன்னு வெளிய வந்துச்சு, முன்கை ரெண்டும் கல்லு மாதிரி இறுகிப் போச்சு, பிரேக் லீவரைப் பிடிக்க விரல் மடங்கல. சூடான எஞ்சினை கிக் பண்ணிப் பண்ணி முட்டி நடுங்குது. எங்க கூட வந்த அறுபது வயசுக்காரர் ஒருத்தர் ஏர் கூல்டு 230ல செகண்ட் கியர்ல டுப்டுப்னு பக்கத்துல ஏறிப் போய் மேல ஹெல்மெட்டைக் கழட்டி வச்சுட்டு தண்ணி குடிச்சிட்டு இருந்தார். வண்டி மேல தப்பு இல்ல, ட்ராக்ல அது அருமையான வண்டி, நான்தான் அதைக் காட்டுக்குக் கூட்டிட்டு வந்திருக்கக் கூடாது.

இன்னொரு விஷயம், எடை மெஷின்ல 250 ஃபோர் ஸ்ட்ரோக்குக்கும் 450க்கும் அஞ்சாறு கிலோதான் வித்தியாசம் காட்டும். ஆனா ஓட்டும்போது 450 ரொம்பக் கனமா தெரியும், ஏன்னா உள்ள சுத்தற கிராங்கும் பிஸ்டனும் பெருசு, பம்பரம் மாதிரி வண்டியை நேரா நிறுத்தப் பாக்கும், மரத்துக்கு மரம் வளைச்சு ஒடிக்கறப்போ ஒவ்வொரு தடவையும் அதோட மல்லுக்கட்டணும். பேப்பர்ல இருக்கற எடையை மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க.

இப்ப சைஸ் வாரியா

குழந்தைங்களுக்கு 50, 110, வயசுக்கும் உயரத்துக்கும் தக்க மாதிரி, அதுல பெருசா குழப்பம் இல்ல, கால் ரெண்டும் தரையில முழுசா பதியணும், அது போதும்.

உயரம் கம்மியா, எடை கம்மியா இருக்கறவங்க, முதல் தடவையா கியர் வண்டி ஓட்டறவங்களுக்கு 125லேருந்து 140 வரைக்கும் இருக்கற ஏர் கூல்டு ஃபோர் ஸ்ட்ரோக் நல்லது. யமஹா டிடி-ஆர்125, ஹோண்டா சிஆர்எஃப்125எஃப் பெரிய சக்கர மாடல், கவாசாகி கேஎல்எக்ஸ்140. என் மனைவி இதுல ஒண்ணுலதான் கத்துக்கிட்டா, ரெண்டு சீசன் ஓட்டினா. எழுபத்தஞ்சு கிலோவுக்கு மேல இருந்தா சஸ்பென்ஷன் தாங்காது, வூப்ஸ்ல அடி வாங்கும்.

சாதாரணமா வளந்த ஆளு, ரோட்டுல பைக் ஓட்டின பழக்கம் உண்டு, மண்ணுல ஓட்டினதே இல்ல, அப்படின்னா என் பதில் ஒண்ணுதான்: 230 இல்ல 250 ஏர் கூல்டு ஃபோர் ஸ்ட்ரோக். ஹோண்டா சிஆர்எஃப்230எஃப் 2003லேருந்து பல வருஷம் வந்துச்சு, செகண்ட்ஸ்ல நிறைய கெடைக்கும், அதுக்கு அப்புறம் வந்தது சிஆர்எஃப்250எஃப். யமஹால டிடி-ஆர்230, கவாசாகில கேஎல்எக்ஸ்230ஆர். சிஆர்எஃப்250எஃப் 120 கிலோ, லேசுன்னு சொல்ல முடியாது, ஆனா சீட் உயரம் 35 இன்ச்சுக்குக் கொஞ்சம் கீழ, கால் எட்டும். செல்ஃப் உண்டு. ஆக்சிலேட்டரை கொஞ்சம் தப்பா முறுக்கினாலும் உங்களைத் தூக்கிப் போடாது, இதுதான் முக்கியம், ஏன்னா முதல் அம்பது மணி நேரம் நீங்க தப்பாத்தான் முறுக்குவீங்க, எல்லாரும் அப்படித்தான். ரேடியேட்டரே கெடையாது, அதனால கொதிக்கறதுக்கும் ஒண்ணும் இல்ல, மெதுவா போனாலும் கவலை இல்ல. ரெண்டு வருஷம் ஓட்டிட்டு வித்தாலும் போட்ட காசுல பெரும்பகுதி திரும்ப வந்துடும். இந்த வண்டியில நல்லா கத்துக்கிட்டவங்க அடுத்த வண்டிக்குப் போறப்போ ரொம்ப வேகமா தேறிடறாங்க, இதை நான் நிறைய பேர்கிட்ட பாத்திருக்கேன்.

டூ ஸ்ட்ரோக் பக்கம் வந்தா 125ஐ நான் புது ஆளுக்குச் சொல்ல மாட்டேன். கையில எடுத்தா சைக்கிள் மாதிரி லேசா இருக்கும், ஆனா கீழ்ப்பக்கம் இழுவையே இருக்காது, மேல ஏத்திப் பிடிச்சிட்டே இருந்தாத்தான் பவர் வரும், கிளட்சும் கியரும் ஓயாம மாத்தணும், மணல்ல அது ரொம்பக் களைப்பு. 150 கொஞ்சம் பரவால்ல. பழைய கேடிஎம் 200 எக்ஸ்சி-டபிள்யூ செகண்ட்ஸ்ல நல்ல கண்டிஷன்ல கெடைச்சா விடாதீங்க, 125 மாதிரி லேசு, ஆனா இழுவை அதை விட எவ்ளோவோ மேல, காட்டுக்குன்னே அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கும். பீட்டாவுல 200 ஆர்ஆர் இப்பவும் அதே எடத்தைப் பிடிச்சிருக்கு.

அப்புறம் 250, 300. இங்கதான் நிறைய பேர் தலைகீழா புரிஞ்சுக்கறாங்க. 300 டூ ஸ்ட்ரோக்னா பயங்கரம், 250 அமைதின்னு நினைப்பாங்க. கேடிஎம்ல ரெண்டுக்கும் பிஸ்டன் ஏறி இறங்கற தூரம் (ஸ்ட்ரோக்) 72 மில்லிமீட்டர்தான், சிலிண்டர் அகலம் (போர்) மட்டும் 66.4லேருந்து 72 ஆகுது, கணக்குப் போட்டா 249 சிசி, 293 சிசி. அந்த 44 சிசி என்ன பண்ணுதுன்னா, கீழ்ப்பக்க இழுவையைக் கூட்டுது. 300ஐ தேர்ட் கியர்ல போட்டு சும்மா உருட்டிட்டே போகலாம், கிளட்ச் தொட வேண்டியதில்ல, டிராக்டர் மாதிரி ஏறும். 250 கொஞ்சம் மேல ஏறினதும் படக்குனு எழும். ஆக ஓட்ட சுலபம் எதுன்னா 300 தான், ஆனா தப்பா முறுக்கினா தண்டனையும் 300ல தான் ஜாஸ்தி, ஏறக்குறைய 50 குதிரை பின்னாடி நிக்குது. அதனால முதல் வண்டியா இதை வாங்கறதா இருந்தா பவர் வால்வு (எஞ்சின் வேகத்துக்குத் தக்க எக்ஸாஸ்ட் வழியைத் திறக்கறது) ஸ்ப்ரிங் மாத்துங்க. கேடிஎம் எண்டூரோ வண்டியில 2023 மாடல் வரைக்கும் மூணு கலர் ஸ்ப்ரிங் உண்டு, மஞ்சள்தான் கம்பெனி போட்டுத் தர்றது, சிவப்பு முரட்டுத்தனமானது, பச்சை சாது. பச்சையைப் போட்டுட்டா வேற வண்டி ஆயிடும், சில டாலர் செலவு, பத்து நிமிஷ வேலை. 2024லேருந்து அது எலக்ட்ரானிக் ஆயிடுச்சு.

பீட்டா எக்ஸ்ட்ரெய்னர்னு ஒரு வண்டி இருக்கு, 300 டூ ஸ்ட்ரோக்தான், ஆனா பவரைக் குறைச்சு, சீட்டை இறக்கி, பெரியவங்க நிம்மதியா கத்துக்கறதுக்குன்னே பண்ணின மாதிரி இருக்கும். ஆயிலைத் தனியா ஒரு டேங்க்ல ஊத்தினா போதும், அதுவே கலந்துக்கும். ஐந்தரை அடி உயரம் உள்ள ஆளு, பட்ஜெட் இருக்கு, டூ ஸ்ட்ரோக்தான் வேணும்னா கண்ணை மூடிட்டு இதைச் சொல்வேன்.

ஃபோர் ஸ்ட்ரோக் ரேஸ் வகை எண்டூரோ வண்டிங்க, அதாவது 250எஃப், 350, ரெண்டாவது வண்டிக்கு அருமை. 350 எண்டூரோ காட்டுக்கு நல்ல நடுநிலை, 250 அளவுக்குத் திரும்பும், இழுவை அதை விட ஜாஸ்தி. இறக்கத்துல ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினே பிரேக் பிடிக்கும், டூ ஸ்ட்ரோக்ல அது ரொம்பக் கம்மி, இது முதல்ல கொஞ்சம் பயமுறுத்தும். 450, 500 எல்லாம் பாலைவனம், திறந்த வெளி, நீளமான மண் ரோடு, அங்க அது ராஜா. நெருக்கமான மரத்துக்குள்ள நூறு கிலோவுக்கு மேல இருக்கற, ரொம்ப நாள் ஓட்டின ஆளுங்க சிலர் வச்சுச் சமாளிக்கறாங்க, புது ஆளுக்கு வேண்டவே வேண்டாம்.

பேர்ல கடைசி எழுத்தைப் பாருங்க

செகண்ட்ஸ்ல விலை கம்மியா வர்றது பெரும்பாலும் மோட்டோகிராஸ் வண்டிதான். ஒய்இசட்250, ஒய்இசட்250எஃப், சிஆர்எஃப்450ஆர் இதெல்லாம் ட்ராக் வண்டி. அதுக்குப் பின்னாடி எக்ஸ் சேர்ந்தா காட்டுப் பக்கம் திருப்பின வண்டி. 2016ல வந்த ஒய்இசட்250எக்ஸ்ல போர்ட்டும் இக்னிஷனும் மாத்தி பவரைச் சாந்தமாக்கி, கியருக்கு கியர் இடைவெளியை அகலமாக்கி, பின்னாடி 18 இன்ச் சக்கரம் போட்டாங்க. ட்ராக் வண்டிக்கு 19 இன்ச் வரும், 18ல டயர் சுவர் உயரமா இருக்கறதால வேர்லயும் கல்லுலயும் ரிம் அடி வாங்காது, பிடிமானமும் நல்லா இருக்கும். ஹோண்டால கொஞ்சம் கவனமா பாக்கணும், சிஆர்எஃப்450ஆர்எக்ஸ்ல சக்கரம், டேங்க், சஸ்பென்ஷன் எல்லாம் காட்டுக்குத் தக்க மாத்தியிருந்தாலும் கியர் பாக்ஸ் ட்ராக் வண்டியோடதுதான். சிஆர்எஃப்450எக்ஸ்னு 2019லேருந்து வர்றதுலதான் ஆறு கியர், அகலமா.

சரி, ஏற்கனவே ட்ராக் வண்டி வாங்கிட்டீங்களா, அதுக்காக விக்க வேண்டாம். முன் ஸ்ப்ராக்கெட்ல ஒரு பல்லு குறைச்சுப் பாருங்க, அது பின்னாடி மூணு நாலு பல்லு கூட்டினதுக்குச் சமம், ஃபர்ஸ்ட் கியர் உடனே மெதுவா ஆகும். ஃப்ளைவீல்ல (எஞ்சினோட சேர்ந்து சுத்தற கனமான சக்கரம்) கூடுதல் எடை மாட்டினா சட்டுனு ஆஃப் ஆகறது குறையும். ஃபோர் ஸ்ட்ரோக்னா ரேடியேட்டருக்கு ஃபேன் போடுங்க. ஹேண்டில்பாரை ரெண்டு பக்கமும் ஒரு இன்ச் வெட்டினா மரத்துக்கு நடுவுல எடம் கெடைக்கும். டயர்ல காத்து 12லேருந்து 14 பிஎஸ்ஐ, மணல்ல அதுக்கும் கொஞ்சம் கம்மி.

பராமரிப்பு கணக்கு

இங்க மைல் கணக்கு கெடையாது, எஞ்சின் ஓடின மணி நேரம்தான். ரேஸ் வகை ஃபோர் ஸ்ட்ரோக்னா அஞ்சுலேருந்து பத்து மணி நேரத்துக்கு ஒரு தடவை ஆயில் மாத்தணும், அதாவது ரெண்டு மூணு ரைடுக்கு ஒரு தடவை, வால்வு இடைவெளியும் பாத்துட்டே இருக்கணும். அதை விட்டுட்டு வால்வு உடைஞ்சு உள்ள விழுந்தா ரிப்பேர் பில் ஆயிரக்கணக்குல வரும். டூ ஸ்ட்ரோக்ல பிஸ்டன், ரிங் அடிக்கடி மாத்தணும்தான், 125ல சீக்கிரம், 300ஐ மெதுவா ஓட்டினா ரொம்ப நாள் வரும், ஆனா அது கராஜ்ல ஒரு சனிக்கிழமை வேலை, நம்ம ஊர் மெக்கானிக் கடையில ஸ்டூல் போட்டு உக்காந்து பாத்தவங்க யாரும் செஞ்சிடலாம். பெட்ரோல்ல 2டி ஆயில் கலக்கறதுக்குப் பயப்படாதீங்க, 40க்கு 1னா அஞ்சு லிட்டருக்கு 125 மில்லி, வண்டிக்கு வண்டி மாறும், மேனுவல்ல இருக்கறதை அப்படியே ஊத்துங்க. ஏர் கூல்டு வண்டிக்கு ஆயிலும் ஏர் ஃபில்டரும்தான், ஆனா ஃபில்டரை ஒவ்வொரு மணல் ரைடுக்கு அப்புறமும் கழுவுங்க, நம்ம மணல் எந்த எஞ்சினையும் தின்னுடும்.

வாங்கப் போறப்போ செய்ய வேண்டியது

போறதுக்கு முன்னாடியே போன் பண்ணி, நான் வர்றதுக்குள்ள ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்கன்னு சொல்லுங்க. போனதும் எஞ்சினைத் தொட்டுப் பாருங்க, சில்லுனு இருக்கணும். முதல் ஸ்டார்ட் எப்படி வருதுன்னு பாருங்க, சூடானதும் நிறுத்தி மறுபடி அஞ்சு தடவை ஸ்டார்ட் பண்ணுங்க, சூட்டுல ஸ்டார்ட் ஆகறதுக்கு மக்கர் பண்ணினா வால்வோ கார்புரேட்டரோ ஏதோ இருக்கு.

பூட்ஸ் போட்டுட்டே சீட்ல உக்காருங்க. ரெண்டு பாதமும் பாதியாவது பதியணும், குறைஞ்சது ஒரு கால் நல்லா ஊனணும். ஒய்இசட்250எக்ஸ் சீட் 38 இன்ச்சுக்கு மேல, நம்மள்ல பாதிப் பேருக்கு நுனி விரல்தான் தொடும். ஷோரூம்ல சமதளத்துல அது தெரியாது, சரிவுல ஒரு பக்கம் பள்ளமா இருக்கறப்போ கால் காத்துல போகும், அங்கதான் விழுவோம்.

அடுத்து, செகண்ட் கியர்ல போட்டு கிளட்சை முழுசா விட்டுட்டு ஆக்சிலேட்டர் தொடாம நடக்கற வேகத்துல போக விடுங்க. திக்கித் திணறி நின்னா அது காட்டுல உங்களைப் படுத்தும். அப்படியே ரெண்டு மரத்தைச் சுத்தி எட்டு போடுங்க, நம்ம ஊர்ல லைசென்ஸுக்குப் போட்டது மாதிரியே. பத்து எட்டு போட்ட அப்புறம் முன்கை இறுகுதா, கிளட்ச் கை வலிக்குதான்னு பாருங்க. முடிஞ்சா விக்கறவர்கிட்ட கேட்டுட்டு வண்டியைப் புல்லுல மெதுவா படுக்க வச்சு, நீங்களே தனியா தூக்குங்க. ஒரு தடவை இல்ல, மூணு தடவை. ஒரு நாள் ரைடுல புது ஆளு பத்து தடவையாவது தூக்க வேண்டி வரும், மூணாவது தடவையே மூச்சு வாங்கினா சின்ன வண்டியா பாக்கறதுதான் சரி.

கடைசியா பேப்பர். டைட்டில் (நம்ம ஊர் ஆர்சி புக் மாதிரி) விக்கறவர் பேர்லதான் இருக்கான்னு பாருங்க. மிச்சிகன்ல பொதுக் காட்டுப் பாதையில ஓட்ட ஓஆர்வி (ரோடு இல்லாத எடத்துல ஓட்டற வண்டி) லைசென்ஸ், ட்ரெயில் பெர்மிட் ரெண்டும் வேணும், சைலன்சர்ல வனத்துறை ஒத்துக்கிட்ட ஸ்பார்க் அரெஸ்டர் (தீப்பொறி வெளிய வராம தடுக்கற வலை) இருக்கணும், சத்தம் 94 டெசிபல் தாண்டக் கூடாது. காஞ்ச பெரணிக்குள்ள ஒரு பொறி விழுந்தா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்ல. ட்ராக் வண்டி சைலன்சர்ல பெரும்பாலும் அந்த அரெஸ்டர் இருக்காது, தனியா வாங்கினா நூறு டாலருக்கு மேல ஆகும், அதனால பேரம் பேசறப்போவே சைலன்சர் முனையில டார்ச் அடிச்சு உள்ள வலை இருக்கான்னு பாத்துட்டு அந்தக் காசை விலையில கழிச்சுக் கேளுங்க.